அடிமைக் கப்பலில் ஜெபித்தவர்

‘அமேசிங் கிரேஸ்’ பாடலைக் கேட்டிராத கிறிஸ்தவர் குறைவு. அதை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் கேப்டனாக இருந்தவர் என்பதும் பலருக்குத் தெரியும். கடலில் புயல் வந்தது, அவர் மனந்திரும்பினார், அடிமை வாணிபத்தை விட்டுவிட்டு அந்தப் பாடலை எழுதினார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அந்த மனந்திரும்புதலுக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். பக்தி மிகுந்த தாயார் காசநோயால் இறந்தபோது அவருக்கு ஏழு வயது நிறைவடையவில்லை. கப்பல் தலைவரான தந்தையுடன் 11 வயதில் கடலுக்குப் போனார். இளைஞரானதும் கடற்படைக்குக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டார். அங்கிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, சவுக்கடி வாங்கினார். கடவுளைப் பழித்துப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பழகிய மாலுமிகளே முகம் சுளித்தார்கள். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பட்டினியும் காய்ச்சலுமாகத் தாமே அடிமையைப் போல வதைபட்டார்.

1748 மார்ச்சில் ஊர் திரும்பும் வழியில்தான் அந்தப் புயல் வீசியது. கப்பல் உடைந்து நீர் புகுந்தது. மணிக்கணக்கில் நீரை இறைத்துக் களைத்தவர், தாம் அதுவரை கேலி செய்த கடவுளை அழைத்தார். கப்பல் எப்படியோ அயர்லாந்துக் கரை சேர்ந்தது. அந்த நாளை அவர் ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

கெட்ட வார்த்தைகள் அன்றோடு நின்றன. வேதம் வாசித்தார், தம்மைத் தாமே சோதித்துத் தினக்குறிப்பு எழுதினார். ஆனால் 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களின் கேப்டனாக மூன்று முறை பயணம் போனவரும் இதே மனிதர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் விரல்களை இரும்புக் கருவியில் வைத்து நெரிக்கவும் செய்தார்.

அன்றைய இங்கிலாந்தில் அது மதிப்பான தொழில். அவர் மனசாட்சி வேறு பாவங்களை எண்ணிக்கொண்டிருந்தது. 1754இல் அவர் கடலை விட்டதற்கும் மனமாற்றம் காரணமன்று. திடீரென வந்த வலிப்புதான் காரணம்.

பின்னர் லிவர்பூல் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்துகொண்டே கிரேக்கமும் எபிரேயமும் கற்று, 1764இல் ஓல்னி என்ற சிற்றூரில் போதகரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியதே அந்தப் புகழ்பெற்ற பாடல். அப்போதும் அடிமை வாணிபத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது மிகவும் நெருடுவது இந்த மௌனம்தான்.

1785இல் வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் அவரைத் தேடி வந்தார். புதிதாக விசுவாசத்தில் வந்த அவருக்கு, அரசியலில் நீடிப்பதா விலகுவதா என்று குழப்பம். அங்கேயே இருந்து கடவுளுக்குப் பணி செய்யலாம் என்றார் நியூட்டன். அந்த இளைஞரே பின்னாளில் அடிமை வாணிப ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடினார்.

1788இல், கடலை விட்டு 34 ஆண்டுகள் கழித்து, நியூட்டன் தம் கப்பல்களில் நடந்ததை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். தாம் வெட்கப்பட வேண்டிய தொழில் செய்ததாகவும், இந்த ஒப்புதல் மிகத் தாமதமாக வருவதாகவும் அதில் ஒத்துக்கொண்டார். மரியாதைக்குரிய முதிய போதகர் ஒருவர் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொள்ளும் காரியம் அது. பிறகு விசாரணைக் குழுவின் முன் நேரில் நின்று சாட்சியமும் அளித்தார்.

பிரிட்டிஷ் அடிமை வாணிபத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அப்போது நியூட்டனுக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி தம் 82ஆவது வயதில் லண்டனில் காலமானார்.