முப்புரியைக் கண்ட மேதை

விஞ்ஞானி என்றதும் சர் சி. வி. இராமன் பெயரைச் சொல்லும் நாம், அவருடைய மாணவர் ஜி. என். ராமச்சந்திரனை ஏனோ மறந்துவிடுகிறோம். உலகெங்கும் உயிர் வேதியியல் பாடநூல்களில் இடம்பெற்ற பெயர் அவருடையது.

1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். இயேசு சபைக் குருக்கள் நடத்தும் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, இராமன் தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, சுமார் 30 வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். அவர் உழைத்த கிண்டி வளாகம் நம் கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு மின்ரயில் மாறும் தூரந்தான்!

அவர் ஆராய்ந்ததை அறிய, மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள விசையைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். ஒரு மூலக்கூறினுள் அணுக்கள் வலுவாகப் பிணைந்துள்ளன. ஒரு மூலக்கூறு அடுத்ததை இழுக்கும் விசையோ மெல்லியது. ஆயினும் பொருள் திரவமா வாயுவா என்பது அதைப் பொறுத்தே அமைகிறது. மீத்தேன் -161 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய அதே நிறையுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால், தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது.

தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவம் இன்னும் புலப்படவில்லை என்று 1952இல் சென்னை வந்த அறிஞர் பெர்னால் கூற, ராமச்சந்திரன் அதையே தம் பணியாக ஏற்றார். கங்காரு வால் தசைநாரின் எக்ஸ் கதிர்ப் படங்களை கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, மூன்று சுருள் சங்கிலிகள் ஒன்றாக இணைந்திருப்பதாக 1954இல் அறிவித்தார். சங்கிலிகளை இணைத்துப் பிடிப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகளே. ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்க வைத்தால் அப்பிணைப்புகள் அறுந்து முறுக்கு அவிழ்கிறது. சூப்பு ஆறியதும் கூழாக உறைவது அதனால்தான்.

டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் 1955இல் மறுப்புத் தெரிவித்தனர். மூன்று சங்கிலிகள் என்பது சரி. ஆனால் ராமச்சந்திரன் சொன்னபடி மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைந்தால் சில அணுக்கள் மிகவும் நெருங்கிவிடும், ஒன்றுதான் அமையும் என்றனர். அந்த ஒன்று என்ற எண்ணே பின்னர் நிலைத்தது. வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். இவரோ, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டார்! இணையாத அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அந்த எல்லைகளை, வெளிவந்திருந்த படிக ஆய்வுகளிலிருந்து பொறுமையாகத் திரட்டினார். சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்பதைக் காட்டும் படத்தை 1963இல் வெளியிட்டார். அதுவே ராமச்சந்திரன் வரைபடம். மறுப்பிலிருந்து பிறந்த இதுவே முப்புரியினும் பெரும் புகழை அவருக்குத் தந்தது என்பது எங்கள் எண்ணம்.

1970களில் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998இல் துணைவியாரையும் இழந்தார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்கள் அது சரிதானா என்று அவருடைய வரைபடத்தில் இன்றும் வைத்துப் பார்க்கிறார்கள்.