உறவினர் வீட்டில் வளர்ந்த புனிதை



பெற்றோர் பிழைப்புக்காக மலையிறங்கிச் சென்றுவிட, பாட்டியிடமும் பெரியம்மாவிடமும் வளரும் பிள்ளைகளைப் புதூர்நாட்டில் நாம் அறிவோம். அவர்களை நினைக்கும்போது புனித கத்தேரி தேக்கக்விதாவின் வாழ்வு நம் கண்முன் வருகிறது.

இன்றைய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மோகாக் பழங்குடியில் 1656-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை குலத் தலைவர். தாயோ அல்கோன்கின் இனத்துக் கிறிஸ்தவப் பெண். போரில் சிறைபிடிக்கப்பட்டு வந்தவர். இறந்துபோன தம்மவரின் இடத்தில் வேற்றினத்தாரை உறவாக ஏற்றுக்கொள்வது மோகாக் மக்களின் வழக்கம். ஆகவே அந்தக் குடும்பத்திற்கு இரத்தம் மட்டுமே உறவாக இருக்கவில்லை.

கத்தேரிக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது பெரியம்மை பெற்றோரையும் தம்பியையும் கொண்டுபோயிற்று. தழும்பேறிய முகமும் மங்கிய பார்வையும் அவருக்கு மிஞ்சின. தலைவர்களுள் ஒருவரான உறவினர் அவரை மகளாக ஏற்று வளர்த்தார். இவரைக் கொடியவராகவே காட்டிவிடுகிறோம், அது நியாயமன்று. 1666-இல் பிரெஞ்சுப் படை மோகாக் ஊர்களை எரித்தது. அதன் பின்னர், திருமுழுக்குப் பெற்ற பலர் ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். வளர்த்த மகளும் போய்விடுவாளோ என்று அவர் அஞ்சியதில் வியப்பென்ன? மேலும், மணமான ஆண் பெண் வீட்டுக்கு வந்து வேட்டையாடிக் கொடுப்பது அங்கே முறை. கத்தேரி திருமணத்தை மறுத்தது அந்த வீட்டுக்கு உண்மையான இழப்பு.

1676 உயிர்ப்புப் பெருவிழாவில் இயேசு சபைக் குரு லாம்பர்வில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். ஞாயிறன்று வயல் வேலைக்குப் போகாததால் வீட்டில் உணவு மறுக்கப்பட்டது, சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். 1677-இல் சுமார் 300 கிலோமீட்டர் கடந்து, மொன்றியல் அருகே கானவாகே கிறிஸ்தவக் குடியிருப்பை அடைந்தார். அங்கே அவருடைய தாயை முன்பே அறிந்திருந்த அனஸ்தாசியா என்ற மூதாட்டி அவருக்கு இன்னொரு தாயானார். கத்தேரி மோகாக் மொழியிலேயே செபித்தார். தம் மக்களின் நீள்வீட்டிலேயே வாழ்ந்தார்.

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் கனடாவில், திருஅவையினர் நடத்திய பல உறைவிடப் பள்ளிகளில், பழங்குடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தாய்மொழி பேசவும் தடுக்கப்பட்டார்கள். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்.

கத்தேரி 1680 ஏப்ரல் 17, புனித வாரத்தின் புதன்கிழமையன்று, 24 வயதில் இறந்தார். 2012 அக்டோபர் 21 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். கானவாகேயில் இன்றும் மோகாக் மக்களே வாழ்கிறார்கள். அவர்களுடைய புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில்தான் அவரது கல்லறை இருக்கிறது.