டென்னிஸ் ரிச்சி: உங்கள் போனில் ஃபோல்டர்கள் இப்படி இருக்க யார் காரணம்?

ஆண்ட்ராய்டு, ஐபோன், மேக், லினக்ஸ் சர்வர். எதைத் திறந்து உள்ளே போனாலும் ஃபைல்களின் அடுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மேலே 'ரூட்' என்ற ஒரே ஒரு வேர். அதிலிருந்து கிளை கிளையாக ஃபோல்டர்கள். இந்த அமைப்பு 50 ஆண்டுகளுக்கு முன் உருவானது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் ரிச்சி.

யார் இவர்?

1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாகாணத்தின் பிராங்க்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர், பெல் லேப்ஸில் விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்துவிட்டு, பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வு செய்தார் ரிச்சி. ஆய்வேட்டை எழுதி முடித்தும் டாக்டர் பட்டம் வாங்கவே இல்லை. 1967ல் அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் சேர்ந்தார்.

யூனிக்ஸ் எப்படிப் பிறந்தது?

அப்போது எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவற்றோடு சேர்ந்து 'மல்டிக்ஸ்' என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது பெல் லேப்ஸ். வேலை இழுத்துக்கொண்டே போனதால் 1969ல் விலகிவிட்டது. மல்டிக்ஸில் பிடித்துப்போன விஷயங்களை விட்டுவிட ரிச்சியின் குழுவுக்கு மனசு வரவில்லை. அதில் ஒன்றுதான் மர வடிவ ஃபோல்டர் அமைப்பு.

கென் தாம்ப்சன், ரிச்சி, ருட் கேனடே மூவரும் புதிய ஃபைல் சிஸ்டத்தை முதலில் கரும்பலகையில் வரைந்தார்கள். அதிகம் யாரும் தொடாமல் கிடந்த பிடிபி-7 கம்ப்யூட்டரில் தாம்ப்சன் அதை ஓட வைத்தார். டெர்மினல், டேப் போன்ற கருவிகளும் ஃபைல்தான் என்பது இவர்களின் முக்கியமான யோசனை. அவற்றுக்கான இடம்தான் 'டெவ்' ஃபோல்டர்.

இடப் பற்றாக்குறை செய்த வேலை

அடுத்து வந்தது பிடிபி-11. மெமரி 24 கேபி, டிஸ்க் 512 கேபி. அவ்வளவுதான்! இன்றைய போன் கேமரா எடுக்கும் ஒரு படமே அதில் அடங்காது.

சிஸ்டத்தின் புரோகிராம்கள் 'பின்' ஃபோல்டரில் இருந்தன. பயனர்களின் ஃபைல்கள் வேறொரு டிஸ்கில், 'யுஎஸ்ஆர்' என்ற பெயரில் இருந்தன. யூசர் என்பதன் சுருக்கம் அது. தாம்ப்சனுக்கும் ரிச்சிக்கும் அங்கேதான் ஃபோல்டர்கள். புரோகிராம்கள் பெருகி முதல் டிஸ்கில் இடம் தீர்ந்தபோது, மிச்சத்தை யுஎஸ்ஆருக்குள் இன்னொரு 'பின்' போட்டு வைத்தார்கள். பிற்காலத்தில் பயனர்கள் 'ஹோம்' ஃபோல்டருக்குக் குடிபோனார்கள். ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை.

டிஸ்க் பெரிதான பிறகும் இந்தப் பிரிவினை தொடர்ந்தது. காரணம், ஏராளமான புரோகிராம்கள் அந்த முகவரிகளை நம்பி எழுதப்பட்டுவிட்டன. ஃபெடோரா 2012ல்தான் இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியனில் அது கட்டாயமானது 2023ல்!

சி மொழியும் விருதுகளும்

1972 வாக்கில் ரிச்சி 'சி' மொழியை உருவாக்கினார். 1973ல் யூனிக்ஸின் மையப் பகுதி அதில் திருப்பி எழுதப்பட்டது. அதன் பிறகு யூனிக்ஸை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிதானது. ஃபோல்டர் அமைப்பும் கூடவே பயணம் போனது. பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து ரிச்சி எழுதிய சி மொழிப் புத்தகம் 1978ல் வந்தது. 1983ல் தாம்ப்சனும் அவரும் டூரிங் விருது பெற்றனர்.

சத்தமில்லாத மறைவு

2011 அக்டோபர் 5 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று, நியூ ஜெர்சி வீட்டில் தனியாக வாழ்ந்துவந்த ரிச்சி இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. கம்ப்யூட்டர் உலகத்துக்கு வெளியே பலருக்கு அந்தச் செய்தியே போய்ச் சேரவில்லை.

ஐபோனின் ஆபரேட்டிங் சிஸ்டமும் யூனிக்ஸ் வழி வந்ததுதான். ஜாப்ஸின் போனுக்கு உள்ளேயும் 'டெவ்', 'யுஎஸ்ஆர்' ஃபோல்டர்கள் உண்டு.