செங்கோட்டை தந்த செழுங்குரல்: எஸ். ஜி. கிட்டப்பா

பொதிகைத் தென்றலும் குற்றாலச் சாரலும் தவழும் தென்காசிச் சீமை பாட்டுக்குப் பெயர்போன மண்ணாகும். குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரை இம்மண் ஈன்றது. ஞானப்புகழ்ச்சி பாடித் தக்கலையில் அடங்கியிருக்கும் மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்கள் பிறந்ததும் தென்காசியிலேதான். காவடிச் சிந்துக்குக் கவின் சேர்த்த அண்ணாமலை ரெட்டியாரின் சென்னிகுளமும் இன்றைய தென்காசி மாவட்டத்திலேயே உள்ளது. இவர்கள் பாட்டை எழுதி வைத்துச் சென்றவர்கள். ஏட்டில் ஒன்றும் எழுதி வைக்காமல், குரல் ஒன்றையே செல்வமாகக் கொண்டு, இருபத்தேழு வயதுக்குள் தென்னாடு முழுவதையும் தம் பக்கம் ஈர்த்து மறைந்த ஒருவரும் இச்சீமையில் தோன்றினார். அவரே செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா.

தென்காசிக்கு மேற்கே, மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் செங்கோட்டை. அக்காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போதுதான் தமிழகத்தோடு இணைந்தது. அங்கு 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகக் கிட்டப்பா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வீட்டில் மக்கட்செல்வம் மிகுதி, பொருட்செல்வம் குறைவு. பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் சோற்றுக்கு வழி தேட வேண்டிய நிலை. தமையன்மாரோடு சிறுவன் கிட்டப்பாவும் நாடக மேடை ஏறியதற்கு வறுமையே முதற்காரணம் எனலாம்.

அந்நாளைய நாடக உலகம் எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் அறிதல் நன்று. தூத்துக்குடி தந்த சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களை இயற்றிச் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்து வந்த காலம் அது. நாடகக் கம்பெனி என்பது சிறுவர்களுக்கு வீடும் பள்ளியும் ஒருங்கே ஆனது. உணவும் உடையும் அங்கே. பாடமும் பாட்டும் அங்கே. அடியும் உதையும் அங்கேயே. கிட்டப்பா சுவாமிகளின் நிழலில் மேடைக்கலை பயின்றார். பின்னர்க் கன்னையா அவர்களின் ஸ்ரீகிருஷ்ண விநோத சபாவில் சேர்ந்தார். வியத்தகு காட்சியமைப்புகளுக்குப் புகழ்பெற்ற அக்கம்பெனியின் தசாவதாரம் நாடகம் கிட்டப்பாவின் பெயரை ஊரெங்கும் பரப்பியது.

சிறுவராயிருக்கையில் தேனாய் இனித்த குரல்கள் பல, மகரக்கட்டு உடையும் பருவத்தில் பாழாகிவிடுவது உண்டு. அத்துடன் அச்சிறுவர்களின் நாடக வாழ்வும் முடிந்துவிடும். கிட்டப்பாவின் குரலோ அந்த எல்லையைக் கடந்தும் உச்ச சுருதியில் உலவியது, முன்னினும் வலுப்பெற்றது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடைபெறும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். இசை மட்டும் போதாது, சொல்லும் வேண்டும், சொல்லின் பொருளுக்கேற்ற உணர்வும் வேண்டும். மூன்றும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் உடன் வர, கிட்டப்பா ஒரே பாட்டை விரித்துப் பாடும்போது அவையோர் மீண்டும் மீண்டும் பாடுமாறு கேட்பது வழக்கமாயிற்று. தியாகராஜரின் கிருதியையும் இராமலிங்க அடிகளின் அருட்பாவையும் அவர் நாடகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். சபைகளில் நுழைய இயலாத ஏழை எளியவரும் நல்லிசையைச் சுவைக்க அது வழி செய்தது.

மேலைநாட்டில் ராக் அண்டு ரோல் இசையால் இளைஞர் உள்ளங்களைக் கொள்ளை கொண்ட எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பர். அவரும் ஏழைக் குடும்பத்தில் தோன்றி, இளமையிலேயே பெரும்புகழ் எய்தி, 42ஆம் வயதில் மறைந்தவர். அவர் பிறந்ததே 1935ஆம் ஆண்டு சனவரியில்தான். அதற்கு முன்னரே, வானொலியும் ஒலிபெருக்கியும் பரவாத நம் நாட்டில், கிட்டப்பாவின் பெயரைக் கேட்ட அளவில் கொட்டகைகள் நிரம்பின என்பது எண்ணத்தக்கது.

கிட்டப்பா 1924ஆம் ஆண்டு கிட்டம்மாள் என்னும் மங்கையை மணந்தார். 1926ஆம் ஆண்டில் கொழும்பு நகரில் நாடகம் நடிக்கச் சென்றபோது, கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்தார். அம்மையாரும் வறுமையில் பிறந்து குரலால் உயர்ந்தவர். அப்போதே இலங்கையில் புகழ் பெற்றிருந்தார். இருவரும் வள்ளி திருமணத்தில் இணைந்து பாடியபோது ஒருவர் குரலுக்கு மற்றவர் குரல் சளைக்கவில்லை. மேடையில் இணைந்தவர்கள் 1927இல் வாழ்விலும் இணைந்தனர். தமிழ் நாடக மேடையில் அதற்குப் பின் அத்தகைய இணை தோன்றவில்லை என்று முதியோர் கூறுவர்.

எனினும் இல்வாழ்வு இனிதாக நிலைக்கவில்லை. மனவேறுபாடு தோன்றியது, பிரிவு நேர்ந்தது. சுந்தராம்பாள் அம்மையார் அவருக்கு எழுதிய மடல்கள் அன்பும் ஆற்றாமையும் கலந்தவை. கிட்டம்மாள் உற்ற துயரைப் பதிவு செய்தவர் குறைவு. கலைஞரின் புகழைப் பேசும் நாம் இவ்விரு மங்கையர் நெஞ்சையும் மறத்தல் முறையன்று. மேடையில் பல்லாயிரம் பேரை மகிழ்வித்தவரால் தம் இல்லத்தில் அமைதியை நிலைநாட்ட இயலவில்லை என்பதை மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்கு அழகாகும்.

விடுதலை வேட்கை நாடெங்கும் பரவிய அக்காலத்தில் கிட்டப்பா கதராடை அணிந்தார். நாட்டுப்பற்றுப் பாடல்களை மேடையில் பாடினார். கதைமாந்தர் எவராயினும் இடையே தேசியப் பாட்டு ஒலிக்கும். படிப்பறிவில்லாத மக்களிடம் விடுதலை உணர்வைக் கொண்டு சேர்த்ததில் நாடகக் கலைஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. ஐந்தாறு வயது முதல் இரவெல்லாம் கண்விழிப்பு, பகலெல்லாம் பயணம், ஊருக்கு ஊர் தண்ணீர் மாற்றம், காலம் தவறிய உணவு. நடிப்பதை நிறுத்தினால் நம்பியிருக்கும் குடும்பமும் குழுவும் தவிக்கும். கொட்டகைக்காரருக்கு வசூல் வேண்டும். அவையோருக்கு இன்னொரு பாட்டு வேண்டும். பாடுகின்றவருக்கு ஓய்வு வேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேர்? நோய் முற்றியது. 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அக்குரல் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு ஆண்டும் மூன்று திங்களுமே. தமிழில் பேசும்படம் 1931இல் வந்துவிட்டபோதிலும் அவர் திரையில் தோன்றாமலே மறைந்தார்.

அப்போது சுந்தராம்பாள் அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. வெண்ணிறக் கதராடை உடுத்தி, ஆடவரோடு இணைந்து நடிப்பதைத் துறந்தார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகத் தாமே ஆண்வேடம் தாங்கினார். 1953இல் ஔவையாராகத் தோன்றினார். 1980இல் மறையும் வரை நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த நினைவோடே வாழ்ந்தார். பின்னாளில் திரையில் கொடிகட்டிப் பறந்த தியாகராஜ பாகவதர், டி. ஆர். மகாலிங்கம் போன்றோர் பாட்டிலும் கிட்டப்பாவின் சாயல் உண்டு என்பர் இசையறிந்தோர்.

இன்று நமக்கு எஞ்சியிருப்பவை அவருடைய இசைத்தட்டுகள் மட்டுமே. அந்நாளைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். விடிய விடியப் பாடியவரை மூன்று நிமிடத்தில் அடக்க இயலுமோ? கடலைச் சிமிழில் அடைத்தது போன்றதே அது. ஆயினும் இரைச்சலுக்கு நடுவே எழும் அக்குரலைக் கேட்போர், நம் பாட்டனார்கள் பல கல் நடந்து சென்றும் வண்டி கட்டிச் சென்றும் நாடகம் பார்த்ததன் காரணத்தை உணர்வர்.

வல்ல இறைவன் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றலை அமானிதமாக வழங்கியுள்ளான். அமானிதம் என்பது பயன்படுத்துவதற்கு மட்டுமன்று, பேணிக் காப்பதற்கும் உரியது. அக்கடமை பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று. அதனால் பயன் பெறும் ஊருக்கும் உரியது. கிட்டப்பாவின் குரலைக் கொண்டாடிய நாடு, அக்குரலைத் தாங்கிய உடலையும் உள்ளத்தையும் காக்க மறந்தது. நம் வகுப்பறைகளிலும் வறுமையோடு ஆற்றலையும் சுமந்து வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் பாடும்போது கைதட்டுவது எளிது. அவர்கள் உண்டார்களா, உறங்கினார்களா என்று வினவுவதே ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.