பார்த்தே பயின்ற ஓவிய மேதை இரவிவர்மா

 

தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் சாமி மேடையை மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளி நெருங்கும்போது ஈப்போ கடைக்காரர் கொடுத்த நாள்காட்டியில் தேதித் தாள்கள் தீர்ந்த பின்னரும், மேலேயுள்ள இலட்சுமி படத்தை வெட்டியெடுத்துச் சட்டமிட்டு மாட்டி வைப்போம். தாமரையில் நிற்கும் அத்திருமகள் நம் வீட்டுப் பெண்களைப் போலச் சேலையுடுத்தி, உயிருள்ள மனித வடிவில் தோன்றுகிறாள். இவ்வகைப் படங்கள் வீடுதோறும் பரவ வழிவகுத்தவர் இராஜா இரவிவர்மா ஆவார்.

இவர் 1848 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் நாள், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தார். சிறு வயதிலேயே வீட்டுச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் வரைவார். சுவரைப் பாழாக்குகிறான் என்று மற்றவர்கள் சலித்துக்கொண்டனர். ஓவியரான தாய்மாமன் இராஜராஜவர்மா மட்டும் அக்கோடுகளில் ஒளிந்திருந்த திறமையைக் கண்டார். தாமே வரையக் கற்றுக்கொடுத்து, 14 வயதில் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். ஆயில்யம் திருநாள் மகாராஜா சிறுவனை ஆதரித்தார்.

இரவிவர்மா வறுமையில் பிறந்தவர் அல்லர். அரண்மனை வாழ்வும் அரசரின் ஆதரவும் அவருக்கு இருந்தன. எனினும், அவர் மிகவும் விரும்பிய ஒன்றை அரண்மனையாலும் எளிதில் கொடுக்க முடியவில்லை. அதுவே எண்ணெய் வண்ண ஓவியக் கலை.

நீர் வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணமோ மெல்ல உலரும். ஆதலால், வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைத்து, கன்னத்தின் திரட்சியையும் தோளின் வளைவையும் உண்மையே போலக் காட்டலாம். அந்நாளில் இந்தியாவில் இக்கலையை அறிந்தோர் மிகச் சிலரே. அரண்மனை ஓவியராயிருந்த மதுரை இராமசாமி நாயக்கர் அதனை அறிந்திருந்தும் சொல்லித்தர முன்வரவில்லை. அவருடைய மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை இரகசியமாகச் சில நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்பர்.

1868 ஆம் ஆண்டளவில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தினரை வரைவதற்காக வந்தார். அவரும் பாடம் நடத்த இசையவில்லை. தாம் வரையும்போது அருகிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் இடமளித்தார். இரவிவர்மாவுக்கு அது போதுமானதாயிற்று. எந்த வண்ணத்தோடு எதனைக் கலக்கிறார், முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்பதையெல்லாம் கண்ணாலேயே கற்றார். பின்னர்த் தாமே வரைந்தார், தவறினார், திருத்தினார், மீண்டும் வரைந்தார்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1873 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்திற்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அவர் பரிசு பெற்றார். 1893 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் அவருடைய ஓவியங்கள் பாராட்டப்பட்டன.

புகழ் பெற்ற பின்னரும் அவர் பார்த்துக் கற்பதை விட்டாரில்லை. பரோடா மன்னருக்காக 14 புராண ஓவியங்களை வரையும் பணி வந்தபோது, தம்பி இராஜராஜவர்மாவுடன் வட இந்தியாவில் பயணம் செய்து, மக்களின் உடையையும் தோற்றத்தையும் உற்று நோக்கினார்.

ஓவியம் செல்வர் மாளிகையோடு நின்றுவிடக் கூடாது என்று கருதி, 1894 இல் பம்பாயை அடுத்த காட்கோபரில் கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதனால் கடன் சேர்ந்தது. இறுதியில் அதனை விற்க நேர்ந்தது. ஆயினும் அங்கு அச்சான படங்கள் சிறு விலைக்குக் கிடைத்தன. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்ட மக்களின் குடிசைகளுக்குள்ளும் தெய்வ உருவங்கள் வந்து சேர்ந்தன. திருவிதாங்கூரில் கோயிற்கதவு எல்லாருக்கும் திறந்தது 1936 ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இப்பணியின் பெருமை விளங்கும். மேனாட்டு முறையைப் பின்பற்றினார் என்று பிற்காலத்தார் சிலர் அவரைக் குறை கூறியதுமுண்டு. 1906 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! நம்மைப் போன்ற தோட்டப் பள்ளிகளில் ஓவியத்திற்கென்று தனி ஆசிரியர் அமைவது அரிது. அதனால் மனம் தளர வேண்டா. ஒரு பென்சிலும் பழைய பயிற்சிப் புத்தகத்தின் வெற்றுப் பக்கமும் போதும். முதலில் பாருங்கள். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலையளவு. நடை பழகும் குழந்தையோ நான்கு தலையளவுதான். உங்களில் பலர் கண்களை நெற்றியருகே வரைகிறீர்கள். கண்ணாடியில் பாருங்கள், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவிலேயே அவை இருக்கின்றன.

அடுத்து, உங்கள் வீட்டாரைப் பாருங்கள். பால்மரம் சீவிய பாட்டியின் முதுகு எவ்வாறு வளைந்திருக்கிறது? செம்பனைக் குலை அறுக்க அண்ணாந்து நிற்கும் தந்தையின் கழுத்தும் தோளும் எப்படி இறுகுகின்றன? இவற்றை எந்தப் பட்டணத்து ஓவியரைக் காட்டிலும் அருகிலிருந்து காண்பவர்கள் நீங்களே.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சுவரில் கிறுக்கினால், அடிப்பதற்குக் கையை ஓங்குமுன் அக்கோடுகளைச் சற்றே உற்றுப் பாருங்கள். கிளிமானூரில் அன்று ஒரு தாய்மாமன் பார்த்தார். உலகிற்கு ஓர் ஓவியர் கிடைத்தார்.