குறி தாங்கிய மீன்கள்: டென்மார்க்கு அறிஞர் பீற்றர்சன் வரலாறு

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட பொதிகளின்மேலும் இறக்கப்பட்ட பொதிகளின்மேலும் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை படித்தோர் அறிவர். பொறி பெற்ற பொதி எத்துறையிற் சென்று இறங்கினும், தான் கடந்து வந்த துறையைத் தானே அறிவிக்கும். கடலில் ஓடித்திரியும் மீன்குஞ்சுகளுக்கும் இவ்வாறே ஒரு பொறியை இட்டு, அவை செல்லும் வழியை அவற்றைக் கொண்டே அறிந்த பேரறிஞர் ஒருவர் டென்மார்க்கு நாட்டில் வாழ்ந்தார். கார்ள் ஜோர்ஜ் யோகான்னஸ் பீற்றர்சன் என்பது அவர் பெயர். யான் விலங்கியல் கற்றவன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், ஐயத்தை வினாவாக்கி, அவ்வினாவை உரிய இடத்திற் கேட்டு விடை பெறுதல் எத்துறை மாணாக்கர்க்கும் வேண்டப்படுவதாதலின், அம்முறைக்கு எடுத்துக்காட்டாய் நின்ற இவர் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பீற்றர்சன் 1860ஆம் ஆண்டிற் பிறந்தார். டென்மார்க்கு பெரும்பாலும் கடல் சூழ்ந்த சிறு நாடு. யட்லாந்து என்னும் தீபகற்பமும் பற்பல தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. அங்குள்ளார் பலருக்குக் கடலே வயலாயிருந்தது. கோப்பன்ஹேகனில் விலங்கியல் கற்ற இளைஞர் பீற்றர்சன், 1883 முதல் 1886 வரை ‘ஹௌக்’ என்னும் பீரங்கிப் படகில் நிகழ்ந்த கடலாராய்ச்சியிற் பங்கு கொண்டார். போருக்கென அமைந்த அப்படகு டென்மார்க்கின் கடல்களில் அடித்தரையைத் துழாவி, ஆங்கு வாழும் உயிர்களை வாரியெடுத்தது. எவ்வுயிர் எவ்விடத்து எத்தகைய தரையில் வாழ்கின்றது என்னும் வினா அப்பயணங்களில் அவர் உள்ளத்திற் பதிந்தது. அது பின்னர் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வந்தது.

1889ஆம் ஆண்டில் டென்மார்க்கு உயிரியல் நிலையம் நிறுவப்பட்டபோது அதன் தலைவரானார் பீற்றர்சன். அது கரையிற் கட்டிய மாளிகையன்று. பழங் கப்பலொன்றில் அமைந்த மிதக்கும் நிலையம். வேண்டிய களப்பிற்கும் விரிகுடாவிற்கும் அதனை இழுத்துச் சென்று நங்கூரமிட்டு ஆராய்வர். மீன்கள் வாழும் இடத்திற்கே ஆராய்ச்சிச்சாலை செல்வதாயிற்று. வலைஞர்களின் படகுகள் நாள்தோறும் அதன் அருகே செல்லும். அவர்கள் பேச்சும் முறைப்பாடும் ஆராய்வோர் செவியில் விழும். பீற்றர்சனின் பெரும் பணி அம்முறைப்பாட்டிலிருந்தே பிறந்தது எனலாம்.

முறைப்பாடு யாது? தட்டை மீன் குறைந்து வருகின்றது என்பதே. பிளேசு என்னும் தட்டை மீன் அக்கடலோரத்தார்க்குப் பெருவருவாய் தருவது. முட்டையினின்றும் வெளிப்படும்போது அது ஏனைய மீன்களைப் போலவே இருபுறமும் ஒவ்வொரு கண்ணுடன் நிமிர்ந்து நீந்தும். சில வாரங்களின் பின் இடக்கண் தலையைச் சுற்றி வலப்புறம் சேர, மீன் இடப்பக்கத்தைக் கீழாக்கி மணலிற் படுத்துவிடும். நம்மவர் எருமை நாக்கு எனப் பெயரிட்ட மீனும் தட்டை மீன் வகையைச் சேர்ந்ததே. டேனியரின் குடியேற்றமாயிருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்ற அம்மீனுக்கு, 1801இல் வெளியான பிளொக், சினைடர் என்போரின் நூல் ‘எருமை’ என்னும் தமிழ்ச் சொல்லையே அறிவியற் பெயராகச் சூட்டிற்று. வலைஞர் வாய்ச்சொல் விஞ்ஞான ஏட்டில் ஏறியதற்கு இஃதொரு நல்ல சான்று.

பீற்றர்சன் தம் ஆராய்ச்சிக்குத் தேர்ந்த இடங்களுள் தலையாயது லிம்பியோர்டு. வட யட்லாந்தின் குறுக்கே, மேற்கில் வடகடல் முதற் கிழக்கிற் கட்டகாட்டுக் கடல்வரை, ஏறக்குறைய 180 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. அதன் வரலாறே வியப்புக்குரியது. பல நூற்றாண்டுகளாக மேற்கு வாயை மணல் அடைத்திருந்தமையால் அதன் நீர் உப்புக் குறைந்து, நன்னீர் மீன்கள் வாழ்வதாயிற்று. 1825ஆம் ஆண்டு பெப்ரவரியில் எழுந்த புயல் ஆகர் என்னும் மணற்றிட்டை உடைத்தது. உவர்நீர் உள்ளே பாய்ந்தது. நன்னீர் மீன்கள் அழிந்தன. அவற்றை நம்பிய வலைஞர் வறியராயினர். பின்னர் 1862இல் தைபொரோன் என்னும் இடத்திற் புதியதொரு தொடுவாய் திறந்தது. வடகடலின் மீன்கள் அவ்வழியே உட்புகுந்தன. அழிந்த தொழிலின் இடத்திற் புதிய தொழில் வளர்ந்தது. பிளேசு மீனே அதற்கு நிலைக்களம்.

இந்நிலையில் அம்மீனும் குறையலாயின், அம்மக்கள் வாழ்வு என்னாவது? அதற்கு விடை காண்பதற்கு முன் மற்றொரு வினாவுக்கு விடை காணவேண்டியிருந்தது. களப்பிலுள்ள பிளேசுக் குஞ்சுகள் ஆங்கேயே பிறந்தனவா, அன்றி வெளிக்கடலிற் பிறந்து தொடுவாய் வழியே வந்தனவா என்பதே அது. ஆங்கே பிறப்பனவாயின், தாய் மீனைக் காத்தலே வழி. வெளியிலிருந்து வருவனவாயின், களப்பின் தாய் மீனைக் காத்து வரும் பயன் சிறிது. வந்த குஞ்சை வளரவிடுவதே வழி. எது உண்மை எனத் தெளியாமற் சட்டம் செய்வது, நோய் இன்னதென அறியாமல் மருந்து கொடுப்பது போலாகும்.

பீற்றர்சன் முதலில் அளவுகோலைக் கையில் எடுத்தார். ஓரிடத்திற் பிடித்த மீன்கள் அனைத்தையும் நீளம் அளந்து வரிசைப்படுத்தினால், அவை ஒழுங்காகப் பரவி நில்லாது சில நீளங்களிற் கூட்டங் கூட்டமாய்ச் சேர்ந்து நிற்பதைக் கண்டார். முட்டையிடாது குஞ்சே ஈனும் மீனினம் ஒன்றில் அவர் இதனைத் தெளிவாகக் காட்டினார். ஆண்டில் ஒரு பருவத்திலேயே குஞ்சுகள் தோன்றுவதால், ஒவ்வொரு கூட்டமும் ஓராண்டுப் பிறப்பினது. பள்ளிக்கூட முற்றத்தில் மாணவர் அனைவரையும் நிறுத்தி உயரம் பார்த்தே, இவர் முதலாம் வகுப்பினர், இவர் இரண்டாம் வகுப்பினர் எனப் பெரும்பாலும் பிரித்துவிடலாம் அன்றோ? அதனை ஒத்தது இது. மீனின் வயதை அறியும் இம்முறை 1890களின் தொடக்கத்தில் வெளியாயிற்று, இன்றும் வழக்கிலுள்ளது.

ஆனால் அளவுகோல் வயதைச் சொல்லுமேயன்றி வழியைச் சொல்லாது. வழியை அறியவே குறியிடும் முறையை அவர் கைக்கொண்டார். அவருக்கு முன்னும் மீனுக்குக் குறியிட்டோர் உளர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயராகிய ஐசக் வால்ற்றன், இளஞ் சல்மன் மீனின் வாலில் நாடா கட்டிப் பார்த்தோரைப் பற்றி எழுதியுள்ளார். அமெரிக்காவிற் சாள்ஸ் அற்கின்ஸ் 1870களிற் சல்மன் மீன்களுக்குக் குறியிட்டார். பீற்றர்சனோ கடலடி மணலிற் கிடக்கும் தட்டை மீனுக்கு ஏற்ற குறியைத் தேடினார். துடுப்பிற் சிறு துளையிடுதல் ஒரு முறை. மற்றையது, எலும்பாற் செய்த இரு சிறு வில்லைகளை மீனின் முதுகுப்புறத் தசைக்கு இருமருங்கும் வைத்து, வெள்ளிக் கம்பியால் ஊடுருவிப் பிணைத்தல். சட்டைப் பொத்தானை ஒத்த அவ்வில்லை, மீனின் ஓட்டத்தைத் தடுக்காது, துருப்பிடிக்காது, வலைஞர் கண்ணிற்கும் தப்பாது. வன்னியிலே மாட்டுக்குக் குறிசுடுதல் உடையவன் யார் என்பதை அறிவிக்கும். பீற்றர்சன் இட்ட குறி உடைமையை அறிவிப்பதற்கன்று. புறப்பட்ட இடத்தையும் நாளையும் அறிவிப்பதற்கு.

இவ்வாராய்ச்சியின் பயனை 1896இல் வெளிவந்த அறிக்கையிற் காணலாம். லிம்பியோர்டின் பிளேசுக் குஞ்சுகள் ஆண்டுதோறும் வடகடலிலிருந்து வந்து சேர்வன என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. மேற்கிலுள்ள நிஸ்ஸும் என்னும் அகன்ற நீர்ப்பரப்பில் அவை நெருங்கிக் கிடந்தன. உணவு போதாமையின் வளர்ச்சி குன்றிற்று. உள்ளேயுள்ள திஸ்ற்றெட் நீர்ப்பரப்பிலோ உணவு மிகுதி, மீன் குறைவு. எனவே குஞ்சுகளை மேற்கிலிருந்து எடுத்துச் சென்று உள்ளே விட்டால் அவை விரைந்து பருக்கும் என அவர் கண்டார். நெருங்கி முளைத்த நாற்றைப் பிடுங்கி அகன்ற வயலில் நடும் உழவன் செயலை இது நிகர்க்கும். இந்நாற்று நடுகை பல பத்தாண்டுகள் அக்களப்பில் நடைபெற்றது.

மீன் குறைவு பற்றிய அவர் கருத்தும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. குறைவு என்பது இருவகைத்து. முட்டையிடத் தாய் மீனே எஞ்சாதபடி பிடித்தல் ஒன்று. வளர்ந்தால் மிகுபயன் தரும் மீனை இளமையிலேயே பிடித்துவிடுதல் மற்றொன்று. டென்மார்க்கின் கடல்களிற் பிளேசுக்கு நேர்ந்தது இரண்டாவதே என அவர் கூறினார். பால் பிடிக்கும் பருவத்திலே நெல்லை அறுப்பவன் வயலை அழிப்பவன் அல்லன். தன் விளைவைத் தானே குறைப்பவன். வலைஞர்க்கு இதனை விளக்கியதால், கடலில் மீனே அற்றுப்போகும் என்னும் அச்சத்தையும், எவ்வளவு பிடித்தாலும் குறையாது என்னும் மயக்கத்தையும் ஒருங்கே அவர் களைய முயன்றார்.

குறியிடுதல் கணக்கிற்கும் துணையாயிற்று. திரும்பி வரும் குறிகள் எத்தனை பங்கு என்பதைக் கொண்டு வலைகள் எவ்வளவு மீனை அள்ளுகின்றன என மதிக்கலாம். மேலும், ஆயிரம் மீனுக்குக் குறியிட்டு ஒரு களப்பில் விட்டோம் எனக் கொள்வோம். அவை ஏனைய மீன்களோடு நன்கு கலந்தபின் 500 மீன் பிடிக்க, அவற்றுள் 50 குறியுடையன. பத்தில் ஒன்று குறியுடையதெனின், களப்பில் உள்ளன ஏறக்குறையப் பதினாயிரம். அமெரிக்கரான பிரெடரிக் லிங்கன் 1930இல் வாத்துக்களின் தொகையைக் காண இதே வழியைக் கையாண்டார். இன்று லிங்கன்-பீற்றர்சன் முறை என்னும் பெயரால் மாணாக்கர் கற்பது இதுவே.

இவ்வளவிற்கும் அடிப்படை ஒன்றுண்டு. அதனையே யான் வற்புறுத்த விழைகின்றேன். கடலில் விட்ட குறி தானே திரும்பி வருவதில்லை. அதனைக் காணும் வலைஞன் எடுத்துக்கொடுத்தால் அன்றி, அக்குறி ஊமையே. இவர் நம் தொழிலுக்கு வரி விதிக்க வந்தவர், வலையைத் தடுக்க வந்தவர் என்னும் ஐயம் ஒருவன் உள்ளத்தில் எழுந்தால் வில்லை கடலுக்கே போய்விடும், கணக்கும் பொய்த்துவிடும். ஆகவே மீனுக்குக் குறியிடுவதற்கு முன் மனிதரின் நம்பிக்கையைப் பெறவேண்டும். கப்பலில் நிலையம் அமைத்து வலைஞர் நடுவே வாழ்ந்த பீற்றர்சனுக்கு அது கைகூடிற்று. எழுதப் படிக்க நேரமில்லாத அவர்களும் இவ்வாராய்ச்சியில் ஆசிரியர்களாயினர் என்பதே என் கருத்து.

பீற்றர்சனின் பிற்கால உழைப்புக் கடலடித் தரையைப் பற்றியது. தரையில் ஒரு சதுர மீற்றரின் பத்தில் ஒரு பங்கை அப்படியே கவ்வியெடுக்கும் கருவியை அமைத்து, நிலத்துக்கு விலை மதிப்பது போலக் கடலின் வளத்தை மதிப்பிட முற்பட்டார். 1911 முதல் வெளிவந்த அவ்வறிக்கைகள் கடலடி உயிர்களைக் கூட்டங்களாக வகுத்தன. இத்துறையில் அவர் கொண்ட முடிபு ஒன்று நிலைக்கவில்லை. கரையோரக் கடற்புல் மட்கிய துகளே டென்மார்க்கின் கடலுயிர்களுக்குத் தலையாய உணவு என அவர் நம்பினார். 1930களின் தொடக்கத்தில் நோயொன்றால் வட அத்திலாந்திக்குக் கரைகளிற் கடற்புல் பெரும்பாலும் அழிந்தது. அவர் கூற்றுப்படி மீன்வளமும் அதனோடு வீழ்ந்திருக்கவேண்டும், அவ்வாறு வீழவில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பயிர்களின் பங்கை அவர் குறைத்து மதித்தார் என்பது பின்னர் தெளிவாயிற்று. எண்ணி அளந்து உரைத்தமையாலேயே அவர் பிழையும் எண்ணி அளந்து திருத்தப்படக்கூடியதாயிற்று.

1926வரை நிலையத்தை நடத்திய பீற்றர்சன் 1928ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய வில்லைகள் அவருக்குப் பின்னும் உலகின் பல கடல்களில் உலாவின. கோப்பன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 1902இல் அமைந்த சர்வதேசக் கடலாராய்ச்சிக் கழகத்தின் நாடுகள் வடகடலிற் பிளேசு மீனுக்குப் பெருந்தொகையாகக் குறியிட்டன. 1990களில் ஆழத்தையும் வெப்பத்தையும் தம்முள் பதிந்துவைக்கும் சிறு மின்கருவிகளை ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அம்மீனுக்குப் பொருத்தினர். தான் போகவேண்டிய திசையில் நீரோட்டம் செல்லும்போது மேலெழுந்து மிதந்தும், எதிர்த்து வரும்போது மணலிற் படுத்தும் அம்மீன் வழி கடப்பது அவற்றால் நன்கு விளங்கிற்று. ஒலியெழுப்பும் குறிகளை உடலில் வைத்து, நீருக்கடியில் நிறுத்திய கருவிகளாற் கேட்டறியும் முறையும் இப்போது உளது. ஆயினும் மின்கருவியைச் சுமந்த மீனும் வலையில் அகப்படவேண்டும்; அதை வலைஞன் அனுப்பவேண்டும். அந்தப் பாதி இன்னும் மாறவில்லை.

லிம்பியோர்டு இன்று பழைய லிம்பியோர்டன்று. வயல்களிலிருந்து வழிந்த உரச்சத்தால் நீர் கெட்டு, அடித்தரை உயிர்வளி இழந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்குத் தட்டை மீன்பிடி பெரிதும் நலிந்தது. குஞ்சு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தால் மட்டும் அமையாது. அது வந்து சேரும் வீட்டைத் தூய்மையாக வைத்தலும் வேண்டும் என்னும் படிப்பினையை அந்நீர் நமக்குத் தருகின்றது. ஆசிரியர்கள் தம் மாணாக்கர்க்குப் பெருவீரர் வரலாறுகளைச் சொல்லுங்கால், ஓர் எலும்பு வில்லையையும் வெள்ளிக் கம்பியையும் கொண்டு கடலோடு உரையாடிய இவ்வறிஞர் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வாராக.