ஜெனரல் திம்மய்யா: திரும்பப் பெற்ற இராஜினாமா

1958ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நம் அண்டை நாடுகள் இரண்டில் ஆட்சி இராணுவத் தளபதிகளின் கைக்குச் சென்றது. பாகிஸ்தானில் அயூப் கானும் பர்மாவில் நே வின்னும் பொறுப்பேற்றனர். நம் நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. எனினும் மறு ஆண்டே டெல்லியில் ஒரு சோதனை வந்தது. அதன் நடுவே நின்றவர் அன்றைய இராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் கே.எஸ். திம்மய்யா. நம் இளைய தலைமுறையினர் அவரை அதிகம் அறிந்திருக்க மாட்டார்கள்.

குடகு நாட்டின் மடிக்கேரியில் 1906இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்று 1926இல் அதிகாரியானார். 1948 நவம்பரில், 11,000 அடிக்கும் உயரமான ஜோஜிலா கணவாயில் டாங்கிகளை ஏற்றி லடாக் பாதையை மீட்டது அவர் தலைமையிலான படையே. 1957இல் தலைமைத் தளபதியானார்.

அதே ஆண்டில் பாதுகாப்பு அமைச்சரானவர் வி.கே. கிருஷ்ண மேனன். அறிவாற்றல் மிக்கவர், ஆனால் அதிகாரிகளின் மனம் புண்படப் பேசுபவர். பதவி உயர்வுகளில், குறிப்பாக பி.எம். கவுல் உயர்த்தப்பட்டதில், தளபதியின் கருத்து ஏற்கப்படவில்லை. 1959 ஆகஸ்ட் 31 அன்று திம்மய்யா இராஜினாமாக் கடிதம் அளித்தார். லோங்ஜுவில் சீனப் படை நம் காவல் முகாமைத் தாக்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. மறுநாள் பாலம் விமான நிலையத்தில் பிரதமர் நேருவைச் சந்திக்க வந்திறங்கியவரோ அயூப் கான்!

நேரு கேட்டுக்கொண்டதற்கிணங்க திம்மய்யா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் பேசிய நேரு, சிவில் அரசே உயர்ந்தது என்பதை வலியுறுத்தியதோடு தளபதியின் செயலையும் குறை கூறினார். முதலாவது சரியே. இரண்டாவது, தம் சொல்லை மதித்துப் பணிந்தவருக்குச் செய்த நீதி என்று நம்மால் கூற இயலவில்லை. கேட்க வேண்டிய முறையீடும் அத்துடன் அமுங்கிப் போயிற்று. திம்மய்யா படையைத் துணைக்கு அழைக்கவில்லை. 1961 மே மாதம் வரை பணியாற்றி அமைதியாக ஓய்வு பெற்றார்.

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பு வந்தபோது வடகிழக்கு எல்லைப் படைக்குத் தளபதியாக இருந்தவர் அதே கவுல். தோல்வியை அடுத்து மேனன் பதவி இழந்தார். கவுலும் இராணுவத்தை விட்டு விலகினார்.

திம்மய்யாவுக்கு மற்றுமொரு பணி காத்திருந்தது. 1960இல் விடுதலை பெற்ற சைப்ரஸ் தீவில் கிரேக்கரும் துருக்கிய முஸ்லிம்களும் மோதிக்கொண்டிருந்தனர். 1964இல் அங்கு ஐ.நா. அமைதிப் படையின் தளபதியானார். 1965 டிசம்பர் 18 அன்று அத்தீவிலேயே மாரடைப்பால் காலமானார். அவரது உடல் பெங்களூரில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு சைப்ரஸ் அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.